இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

— கேட்டதுக்குப் பதில் சொல்லு இருளாயி. இந்த வீடியோவுல மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது நீதானே?

— நான்தான் அத்தை.

— யூனிபாரமும் அதுவுமா, அம்புட்டுப் பேருக்கு முன்னால ‘நான் சிகரெட் புடிச்சேன்’னு சொல்றதும் நீதான்.

— நான்தான். இதை யாரு அத்தை உங்களுக்குக் காட்டுனது?

— நம்ம வீட்டுக்காரம்மா, கீழ் வீட்டு ஆனந்தவள்ளி மாமி. மத்தியானம் மாடி ஏறி வந்து, ‘ராக்கம்மா, உங்க மாட்டுப்பொண்ணு மேடையில நின்னுண்டு என்னமோ அபசாரமா பேசறாளே, பார்த்தேளா’ன்னு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க. முட்டி வலின்னு ஒரு வருஷமா அந்தம்மா இந்தப் படி ஏறினதில்லை. இதுக்கு ஏறி வந்திருக்காங்க.

— வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்களா?

— அதை அப்புறம் பேசுவோம். செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காரு. பையை அந்தப் பக்கம் வை. யாழினி டியூஷன் முடிஞ்சு வர ஏழு ஆகும். அடைக்கலம் பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வர எட்டு ஆகும். என் மகனும் பேத்தியும் வர்றதுக்குள்ள எனக்கு முழுசும் தெரிஞ்சாகணும்.

— அவருக்குத் தெரியுமா அத்தை?

— நான் அவனுக்குப் போன் பண்ணலை. ஒண்ணாம் நம்பர் வண்டியை ஓட்டிக்கிட்டு காவேரிப் பாலத்து மேல வர்றவன்கிட்ட இதைச் சொல்ல முடியுமா?

— சரி. உள்ளதைச் சொல்லிடுறேன். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?

— மொத சிகரெட்டுலேருந்து.

— கொரோனா சமயத்துல எங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்களைப் பதினாலு நாள் வீட்டுக்கு விடாம லாட்ஜ்ல வச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?

— சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. நான் சாப்பாட்டுப் பையை வாசல்ல வச்சிட்டு எதிர்ப் பக்கம் போய் நிப்பேன். நீ ஜன்னல்லேருந்து கையாட்டுவே. யாழினி அப்ப இடுப்பை விட்டு எறங்காது.

— அந்த லாட்ஜ் மொட்டை மாடியிலதான். அன்னைக்கு என் ட்யூட்டியில மட்டும் நாலு பேரு போயிட்டாங்க. கடைசியாப் போனவரு ஸ்தனிஸ்லாஸ்னு ஒரு வாத்தியாரு. அவரு சம்சாரம் அவரைப் பார்க்கணும்னு அழுதாங்க. நான்தான் வீடியோ கால் போட்டு, அவரு முகத்துக்கு நேரா போனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மூச்சு நின்ன பிறகும் அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. போனை எப்ப எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

— இதை நீ சொன்னதே இல்லையே.

— சொல்ல வரலை அத்தை. ரூமுக்கு வந்து கவசத்தையெல்லாம் கழட்டினா கை நடுக்கம் நிக்கலை. தண்ணி டம்ளரைப் புடிக்க முடியலை. மாடிக்குப் போனேன். நவநீதன் அங்க நின்னு புடிச்சுக்கிட்டு இருந்தான். ஒண்ணு கொடுன்னேன்.

— அவன் நீட்டலை?

— இல்லை. வேண்டாம் இருளாயின்னுதான் சொன்னான். நான்தான் கேட்டு வாங்குனேன். அவன் மேல பழியைப் போட மாட்டேன்.

— யாரு இந்த நவநீதன்?

— ஆம்பள நர்ஸு. இப்பவும் என்கூட டயாலிசிஸ் வார்டுலதான் இருக்கான். அவன் சம்சாரம் சுபஸ்ரீ என்கூடப் படிச்சவ. யாழினி காதுகுத்துக்கு ரெண்டு பேரும் வந்தாங்களே.

— அந்த ஒல்லிப் பய. ரசத்தை மூணு தடவை வாங்கி ஊத்திக்கிட்டான். சரி சொல்லு. புடிச்சதும் கை நடுக்கம் நின்னுச்சா?

— நின்னுச்சு. அதுதான் வினையாப் போச்சு.

— ம். ஒரு நாளைக்கு எத்தனை?

— மொதல்ல ஒண்ணு. ஒரு வருஷத்துல அஞ்சு.

— கடையில போய் நின்னு வாங்குனியா?

— எந்தக் கடையில அத்தை பொம்பளை போய் நின்னு கேக்க முடியும்? நவநீதன்தான் வாங்கித் தருவான். பஞ்சு டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருப்பேன். ஆஸ்பத்திரி மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு, நாலே நிமிஷம். குழாய் ரிப்பேர்க்காரன் ஏறி வந்தா துணி காயவைக்கிற மாதிரி நிப்பேன்.

— இந்த வீட்டுல?

— ஒரு நாளும் இல்லை. கிளம்புறதுக்கு முன்னாடி பல்லு விளக்கி, உடுப்பு மாத்தி, ரெண்டு ஏலக்காயை மென்னுட்டுத்தான் ஸ்கூட்டியை எடுப்பேன்.

— அதான் மளிகைச் சீட்டுல மாசாமாசம் ஏலக்காய் எழுதுனியா? எம்மருமக பாயசத்துக்கு ஆசைப்படுறா போலன்னு நானும் வச்சு வச்சுக் கொடுத்தேன்.

— நல்லாத்தான் இருந்துச்சு அத்தை.

— சிரிக்காதே. உன் மேல எனக்குக் கோபம் இருக்கு. உங்க மாமா எப்படிப் போனாருன்னு உனக்குத் தெரியும்ல?

— தெரியும்.

— கன்னத்துல ஓட்டை விழுந்துச்சு. குடிச்ச கஞ்சி அது வழியா வழிஞ்சுச்சு. பெத்த மகன் பார்க்க முடியாம வெளிய போய் நின்னான். நான் சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். தொடைச்சுவிட்டவ நீ. புகையிலை என்ன பண்ணும்னு இந்த வீட்டுல கையால தொட்டுப் பார்த்தவ நீ ஒருத்திதான். அப்படியிருந்தும் எப்படி இருளாயி அதை வாயில வச்சே?

— ஒவ்வொரு தடவை பத்த வைக்கிறப்பவும் மாமா முகம் வரும் அத்தை. வந்தும் பத்த வச்சேன்.

— தெரிஞ்சும் விட முடியலை.

— முடியலை.

— ம். அந்தச் சொம்புல தண்ணி இருக்கு, குடி. அப்புறம் எதைக் கண்டு விட்டே?

— கியாசுதீன் பாய்னு ஒரு பேஷண்டு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு வருவாரு. பாலக்கரையில தையல் கடை. அவரும் ஒரு காலத்துல நிறையப் புடிச்சவரு, விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. பிப்ரவரி கடைசியில ஒரு நாள் அவருக்கு ஊசி குத்தக் குனியறேன். காதோரமா மெதுவாச் சொன்னாரு, ‘சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, இன்னைக்கு வேற யாரையாவது அனுப்புங்க. உங்க மேல வர்ற வாசனை எனக்குப் பழைய ஆசையைக் கிளப்புது’ன்னு.

— ஏலக்காயைத் தாண்டி வந்துடுச்சா.

— ஆமா. நான் வைத்தியம் பார்க்கிற மனுஷனுக்கு நானே வியாதி மாதிரி நின்னேன். வேற நர்ஸை அனுப்பிட்டு பாத்ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மார்ச் ஒண்ணாம் தேதியோட விட்டுடுறதுன்னு முடிவு பண்ணினேன்.

— முடிவு பண்ணினா விட்டுடுமா?

— விடாது. எங்க ஆஸ்பத்திரியிலேயே பதினாலாம் நம்பர் ரூம்னு ஒண்ணு இருக்கு. விட நினைக்கிறவங்களுக்குப் பேசி, பழக்கி, மெல்லுறதுக்கு ஒரு மருந்தும் தருவாங்க. ஜோதின்னு ஒரு பொண்ணுதான் அதைப் பார்த்துக்குது.

— அப்ப அங்க போயிருக்க வேண்டியதுதானே?

— போனா பேரு எழுதணும். ஸ்டாஃப் பேரெல்லாம் சூப்பரின்டென்டென்ட் மேடம் டேபிளுக்குப் போகும். மூணு வருஷத்துக்கு முன்னாடி லேப்ல ஒரு பொண்ணு பையில ஒரே ஒரு சிகரெட் இருந்துச்சு. அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அதே மாசம் மாடியில டாக்டருங்க நின்னு புடிக்கிற மூலையில ஒரு மணல் தொட்டி வச்சாங்க, சிகரெட் துண்டைக் கீழ போடாம இருக்கணும்னு.

— அவளுக்கு வேலை போச்சு. இவங்களுக்கு மணல் தொட்டி.

— அதனாலதான் நவநீதன் அவன் பேரை எழுதினான். அவனுக்கும் விடணும்னு இருந்துச்சு. ரொம்ப அதிகமாப் புடிக்கிறேன்னு ஜோதிகிட்டச் சொல்லி மருந்தைக் கூட வாங்குவான். பாதியை என் டிபன் பாக்ஸ்ல போட்டு வச்சுடுவான். ஜோதி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக்கொடுப்பான்.

— அந்த மருந்து எப்படி இருக்கும்? கசக்குமா?

— மிளகுக் காரம் மாதிரி சுர்ருன்னு இருக்கும். மிட்டாய் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது. ரெண்டு கடி கடிச்சு வாய் ஓரமா வச்சுக்கணும். காரம் போனதும் மறுபடி ஒரு கடி.

— எச்சியை முழுங்கலாமா?

— அவசரமா முழுங்கினா விக்கல் வரும். எனக்கு மொத வாரம் பூரா விக்கல்தான்.

— நாங்கூட யாரோ உன்னை நெனைச்சுக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். எந்த நாளு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?

— மூணாவது நாள். வடிச்ச கஞ்சியைக் கையில ஊத்திக்கிட்டேனே.

— பென்சிலைத் தொலைச்சதுக்கு யாழினியை அடிச்சே. அது?

— அதுவும் அன்னைக்குத்தான். அதுக்கு இன்னும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கலை.

— கேளு. தூக்கம்?

— பத்து நாள் சரியா இல்லை. வாய்ல எதையாவது போட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணும். கையில எதையாவது வச்சுக்கிட்டு இருக்கணும். வேலைக்கு நடுவுல அந்த நேரம் வந்தா மாடிப் படிக்கட்டு வரைக்கும் காலு தானா போயிடும். திரும்பி வந்து வார்டுல பத்து கட்டிலையும் எண்ணுவேன். எண்ணி முடிக்கிறதுக்குள்ள அந்த ஆசை தணிஞ்சுடும். அஞ்சு நிமிஷம்தான் அத்தை, அதைத் தாண்டிட்டா போயிடும். இது யாரும் நமக்குச் சொல்றதில்லை.

— அஞ்சு நிமிஷமா? நெசமாவா?

— நெசமாத்தான்.

— சரி. விட்டாச்சு. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கமுக்கமா இருந்திருக்கலாம்ல? எதுக்கு மேடை ஏறினே?

— ஏறணும்னு போகலை. இன்னைக்குப் புகையிலை ஒழிப்பு நாளுன்னு ஹால்ல விழா. பெரிய டாக்டர் பீமராவ் சார் பேசுனாரு. பழக்கத்தை விட்ட ஆம்பள நர்ஸுங்க ஒன்பது பேரு, அதுல மொத ஆளு நவநீதன்னு சொல்லி அவனுக்குக் கோப்பை கொடுத்தாரு. வாங்கிட்டு அவன் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் சார் ஒரு ஃபைலைத் தூக்கிக் காட்டினாரு. ‘நம்ம பெண் செவிலியர் இருநூத்திப் பன்னெண்டு பேர். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட இந்தப் பழக்கம் இல்லை. இவங்களுக்கு அந்தப் பதினாலாம் நம்பர் ரூமே தேவையில்லை. கை தட்டுங்க’ன்னாரு. எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்.

— நீயும் கையெழுத்துப் போட்டிருந்தியா?

— போட்டிருந்தேன். நான் புடிச்சுக்கிட்டு இருந்தப்பவே மேடம் வந்து எதிர்ல நின்னு வாங்கினாங்க. யாரு அத்தை ஆமான்னு எழுதுவா? சரி, தட்டிக்கிட்டே பக்கத்துல பார்த்தேன். காஷுவாலிட்டியில போன வருஷம் சேர்ந்த பொண்ணு ஒண்ணு உக்காந்திருந்துச்சு. இருபத்திமூணு வயசு இருக்கும். அது மேல செண்ட்டு வாசனை, அதுக்கு அடியில எனக்குத் தெரிஞ்ச அந்த வாசனை. அந்தப் பொண்ணும் கை தட்டுது. தட்டிக்கிட்டே அழுவுது. சத்தமில்லாம, மூஞ்சியை நேரா வச்சுக்கிட்டு.

— பாவம்.

— அவ்வளவுதான். எந்திரிச்சேன். எப்படி மேடைக்குப் போனேன்னு தெரியலை. மைக்கை வாங்கி, ‘சார், அந்த இருநூத்திப் பன்னெண்டுல ஒண்ணு பொய். அது நான் போட்ட கையெழுத்து. நான் நாலு வருஷம் சிகரெட் புடிச்சேன்’னேன்.

— படம் அதோட நின்னுடுச்சு. மாமி அனுப்பினதுல அதுக்கு மேல இல்லை.

— அதுக்கு மேலதான் அத்தை விஷயமே இருக்கு.

— சொல்லு.

— மேடம் முன்வரிசையிலேருந்து எறங்குன்னு கண்ணைக் காட்டுறாங்க. சார் கண்ணாடியைக் கழட்டிட்டு, ‘இப்பவுமா?’ன்னாரு. ‘விட்டு மூணு மாசம் ஆச்சு சார். நவநீதனுக்குக் கொடுத்த மருந்துல பாதியை மென்னவ நான்தான். நம்பலைன்னா மெஷினைக் கொண்டு வரச் சொல்லுங்க’ன்னேன்.

— என்ன மெஷினு?

— ஊதிப் பார்க்கிறது. சிகரெட் புடிச்சா மூச்சுல விஷக்காத்து தங்கும். மெஷின் அதை அளந்து நம்பர் காட்டிடும். கோப்பை கொடுக்கிறதுக்கு முன்னாடி நவநீதனும் அதே மேடையிலதான் ஊதுனான், நாலு வந்துச்சு. ஜோதி என்கிட்ட மெஷினைக் கொண்டு வந்துச்சு. மூச்சை இழுத்துப் பதினஞ்சு எண்ணுற வரைக்கும் அடக்கணும். ஜோதி மைக்குல ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சுச்சு. அஞ்சுக்கு மேல கூட்டமே சேர்ந்து எண்ணுது அத்தை. வார்டு பாய், ஆயாம்மா, டாக்டருங்க, எல்லாரும். பதினஞ்சுன்னதும் ஊதுனேன்.

— எத்தனை?

— மூணு.

— அவனை விட ஒண்ணு கம்மி.

— ஒண்ணு கம்மி. பிறந்ததுலேருந்து தொடாதவங்களுக்கு வர்ற நம்பர். அதை ஜோதி சொல்லி முடிக்கிறதுக்குள்ள நவநீதன் அந்தக் கோப்பையைக் கொண்டாந்து என் கையில திணிச்சான். யாரு தட்ட ஆரம்பிச்சாங்கன்னு தெரியலை, கூரை பேந்துடும் போல இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு நடுவுல என் பக்கத்துல இருந்துச்சே, அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்குது. ‘ஒண்ணு இல்லை சார், ரெண்டு’ன்னுச்சு.

— அதுவா? அந்தப் பொண்ணா?

— அதேதான். அப்புறம் பின்னாலேருந்து ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருத்தங்க, பதினெட்டு வருஷம் சர்வீஸ், ‘மூணு’ன்னாங்க. ஏழு வரைக்கும் போச்சு. ஏழு பேரும் நின்னுக்கிட்டே இருந்தோம். யாரும் எங்களை உக்காருன்னு சொல்லலை.

— உங்க மேடம்?

— விழா முடிஞ்சதும் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. வேலை போச்சுன்னுதான் போனேன். ‘ஆஸ்பத்திரி பேரே கெட்டுச்சு’ன்னு மேடம் ஆரம்பிச்சாங்க. பீமராவ் சார் குறுக்க வந்து, ‘அந்த ஃபார்ம் எல்லாத்தையும் என்கிட்டக் கொடுத்துடுங்க’ன்னு வாங்கி, என் கண்ணு முன்னாடியே கிழிச்சுக் குப்பையில போட்டாரு. ‘இப்ப என்ன பண்ணலாம் சொல்லுங்க சிஸ்டர்’னு என்னைக் கேட்டாரு. என்னை அத்தை, என்னைக் கேட்டாரு.

— நீ என்ன கேட்டே?

— பேரு எழுதாத நோட்டு. யாரு டேபிளுக்கும் போகாத நோட்டு. ட்யூட்டி நேரத்துலேயே அரை மணி அனுமதி. அந்த லேப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடணும். மூணுக்கும் சரின்னுட்டாரு. நாலாவதா அவரே ஒண்ணு சேர்த்தாரு. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் அந்த ரூம் பொம்பளைங்களுக்கு மட்டும், ஜோதியோட சேர்ந்து அதுக்குப் பொறுப்பு நானாம்.

— அப்ப வேலை போகலை.

— கூடியிருக்கு.

— வெளியாளுங்க வரலாமா? ஆஸ்பத்திரியில வேலை பார்க்காதவங்க?

— யாரு வேணும்னாலும் வரலாம். எல்லாம் சரி அத்தை, இவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை. இத்தனை வருஷம் மறைச்சிருக்கேன்.

— அவன் நாலு மணிக்கே போன் பண்ணினான்.

— என்ன அத்தை சொல்றீங்க? போன் பண்ணலைன்னீங்களே?

— நான் பண்ணலைன்னுதானே சொன்னேன். அவன் பண்ணினான். சத்திரத்துல வண்டி நிக்கிறப்ப உங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்க நாலு பேரு ஏறி, ‘அண்ணே, இருளாயி சிஸ்டர் வீட்டுக்காரரு நீங்கதானே’ன்னு கேட்டு, ஸ்ரீரங்கம் வர்றதுக்குள்ள முழுசையும் சொல்லியிருக்காங்க.

— என்ன சொன்னாரு? கோபமா இருந்தாரா?

— மொதல்ல மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம், ‘அம்மா, அப்பாவால முடியலை. அவளால முடிஞ்சிருக்கும்மா’ன்னான். ‘மெஷின்ல மூணாம்’னு ரெண்டு தடவை சொன்னான். கண்டக்டர்கிட்டயும் சொல்லிட்டானாம். அவளை நீங்க திட்டக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வேற கேக்குறான். இந்தா, முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடை. அவன் வர்றப்ப அழுத மூஞ்சியோட நிக்காதே.

— கீழ் வீட்டு மாமி?

— ‘உங்க பெரிய பையன் ராஜகோபுரத்துக்கு வெளிய பெட்டிக்கடையில நின்னு ஊதுறப்ப எல்லாம் உங்களுக்கு முட்டி வலிச்சுச்சு போல மாமி’ன்னு கேட்டேன். உடனே எறங்கிப் போயிட்டாங்க. வீடு எங்கயும் போகாது.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரமும் என்னைக் கேட்டீங்களா?

— அவன் சொன்னது நீ ஜெயிச்ச கதை. எனக்கு வேண்டியது அது இல்லை. கை நடுங்குனது, தூக்கம் போனது, அந்த அஞ்சு நிமிஷத்தை எப்படித் தாண்டுனேங்கிறது. அதையெல்லாம் உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு.

— எதுக்கு அத்தை?

— செவ்வாய்க்கெழமை நீ போறப்ப ஸ்கூட்டியில பின்னாடி இன்னொரு ஆளு வரலாம்ல?

— வரலாம். யாரு வர்றாங்க?

— நான்தான். மண்ணச்சநல்லூர் மில்லுல அவிச்ச நெல்லைக் களத்துல கிளறுறப்ப, காலு வேகுறது தெரியாம இருக்க, என் இருபத்திரெண்டு வயசுல ஒருத்தி புகையிலையை என் வாயில வச்சுவிட்டா. உங்க மாமாவைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு, இனிமே தொட மாட்டேன்னு அடைக்கலம் தலையில கையை வச்சுச் சொன்னேன். அதுலேருந்து எட்டு வருஷமா, வெறும் வெத்தலை பாக்குதான்னு உங்க எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு வர்றேன். அந்தப் புகையிலை, உன்னை உக்கார வச்சுக் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷமும், என் கன்னத்துக்குள்ளதான் கெடக்கு. இரு, போய்த் துப்பிட்டு வந்துடுறேன்.